ஒரு நாருக்கு எத்தனை தந்துகி

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

உன்னால் ஐந்து வயதிலேயே ‘அடிக்கோல்’ என்று பெயர் சூட்டப்பட்டவனும், உன் ஒரே அண்ணனுமாகிய நான் இக்கடிதத்தை எழுதுவதன் நோக்கம் ஒன்றே: உன் இடது காலுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுத்து வடிவில் பெறுவது. நான் நலம். மாப்பிள்ளையின் முதுகுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

தொலைபேசியில் மூன்று முறை கேட்டேன். முதல் முறை சிரித்தாய். இரண்டாம் முறை குக்கர் கூவுகிறது என்றாய். மூன்றாம் முறை பேசியை மாப்பிள்ளையின் கையில் திணித்தாய்; அவர் பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார். காகிதத்தில் சிரித்துத் தப்ப முடியாது. எத்தனை அடி நடந்ததும் வலிக்கிறது, எந்த இடத்தில், நின்றால் எவ்வளவு நேரத்தில் போகிறது, மருத்துவர் சொன்னது என்ன என்பவற்றை ஒளிக்காமல் எழுது. தசைச் சீவல்களில் தந்துகிகளை எண்ணுவதே இருபத்தாறு ஆண்டுகளாக என் வேலை என்பதை நினைவில் கொள். மயிரிழையினும் மெல்லிய அந்த ரத்தக் குழாய்களைப் பற்றிச் சற்றே அறிந்தவன் உனக்கு அண்ணனாக இருந்தும் பயனில்லை என்றாகிவிடக் கூடாது.

ஒரு வாரத்திற்குள் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்.


ஜனவரி 19

அன்புள்ள அடிக்கோல் அண்ணாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம், என் இடது காலைத் தவிர. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமா இரு. உன் கடிதத்தை அவர் சத்தமா வாசிச்சார். “உங்கண்ணன் தங்கச்சிக்கு எழுதறாரா, இல்ல வக்கீல் நோட்டீஸ் விடறாரா?”ன்னு கேட்டார். நாள் முழுக்க லிஃப்டுக்குள்ள உட்கார்ந்து ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு வாய் மட்டும் நல்லா ஏறி இறங்குது.

கேட்டதுக்கு பதில். நூத்தைம்பது அடி. கெண்டைக்கால்ல யாரோ ஈரத் துணி பிழியற மாதிரி வலி. மூணு நிமிஷம் நின்னா போயிடும், நடந்தா திரும்ப வரும். ஒரு நாளைக்கு நூத்திருபது வீட்டுத் தண்ணி மீட்டர் பார்த்தவ நான். இப்ப ஒவ்வொரு சுவரா நின்னு நோட்டீஸ் படிக்கிற மாதிரி நடிக்கிறேன். எந்த வீடு வாடகைக்கு, எந்த நாய் காணோம், எல்லாம் எனக்கு அத்துப்படி.

டாக்டர் கையிலயும் கணுக்கால்லயும் பிரஷர் பார்த்தார். கையில நூத்து நாப்பது, கணுக்கால்ல எண்பத்து நாலு. தொடையில குழாய் அடைச்சிருக்காம். ஆஸ்பத்திரியில ஒரு ஆய்வு நடக்குது, அதுல சேர்த்துட்டாங்க. வலிக்கிற வரைக்கும் நடக்கணும், நிக்கணும், திரும்ப நடக்கணும். வாரத்துக்கு அஞ்சு நாள், தினம் முக்கால் மணி நேரம், ஆறு மாசம். நடந்ததை நானே நோட்டுல எழுதணும். நடுநடுவுல கெண்டைக்கால்ல கடுகத்தனை சதை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவாங்களாம். ஆகஸ்ட்ல பார்ப்பாங்க. தேறலைன்னா ஆபரேஷன். அது வரைக்கும் ஆபீஸ்ல என்னைப் புகார் டெலிபோன்ல உட்கார வெச்சிருக்காங்க. ஐநூறு மீட்டர் நிக்காம நடந்து காட்டினா என் தெருவெல்லாம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். இல்லைன்னா ரிட்டையர் ஆகற வரைக்கும் டெலிபோன்தான்.

வலிக்க வலிக்க நடந்தா எப்படிண்ணா சரியாகும்? அதை மட்டும் எனக்குப் புரியற மாதிரி எழுது.

அப்பாவோட காலைப் பத்தி நீ ஒரு வரி எழுதல. நானும் எழுதல.

உன் தங்கச்சி.


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் கண்டேன். இங்கு நலமே. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தொடையில் அடைபட்ட பெரிய குழாயை நடை திறந்துவிடாது. அந்த ஆசை வேண்டாம். நடை செய்வது கெண்டைக்கால் தசைக்குள்ளே நடக்கும் வேறொரு வேலை.

தசை பல்லாயிரம் நார்களின் கட்டு. ஒவ்வொரு நாரின் ஓரத்திலும் தந்துகிகள் ஓடுகின்றன. நீ நடக்கும்போது நாருக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. போதுமான ஆக்சிஜன் உள்ளவரை, பிறந்த சில நிமிடங்களிலேயே அழிக்கப்படும் ஒரு புரதம் உண்டு. பற்றாக்குறை வந்ததும் அது அழியாமல் நிலைத்து, செல்லின் கருவுக்குள் நுழைந்து, ‘நாள வளர்ச்சிக் காரணி’ என்னும் வேறொரு புரதத்தை உண்டாக்கும்படி ஆணையிடுகிறது. அது கசிந்து அருகிலுள்ள தந்துகியின் சுவரைத் தொடுகிறது. சுவரிலுள்ள செல்களில் ஒன்று முனைச் செல்லாக மாறி, விரல்களை நீட்டி, ஆக்சிஜன் குறைந்த திசையைத் தேடி ஊர்கிறது. நாட்ச் எனப்படும் சமிக்ஞையால் தன் இருபுறத்துச் செல்களையும் ‘நீ முந்தாதே, பின்னால் வா’ என்று அடக்குகிறது. பின்னால் வருபவை பெருகிக் குழாயின் உடலாகின்றன. இன்னொரு வழியும் உண்டு. ரத்தம் விரைந்து ஓடிச் சுவரில் உராயும்போது நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. அதன் தூண்டுதலால் ஒரு தந்துகி உள்ளிருந்தே தடுப்பெழுப்பி இரண்டாகப் பிரிகிறது.

இவ்வளவும் தடையின்றி நிகழ்வதில்லை. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் த்ராம்போஸ்பாண்டின் போன்ற புரதங்களும் அதே தசையில் சுரக்கின்றன. வாரக்கணக்கில் விடாமல் நடப்பவரிடமே தராசு வளர்ச்சியின் பக்கம் சாய்கிறது. நிறுத்தினால் முளைத்தவை சில வாரங்களில் மறைந்துவிடும்.

ஆகவே வலி வந்ததும் திரும்பிவிடாதே. உன் அளவில் நடைக்காலணி ஒன்றைத் தனிப் பொதியில் அனுப்பியுள்ளேன். அடிப்பகுதி தடிப்பானது; ஆறு மாதம் தாங்கும்.

அப்பாவைப் பற்றி நேரில் பேசுவோம்.

அண்ணன்.


பிப்ரவரி 20

அன்பு அண்ணாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீயும் அப்படியே இருக்கணும். ஷூ வந்துச்சு. அவர் அதைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, “லிஃப்டுக்கு எடை கட்டற இரும்பு இதைவிட லேசு”ன்னார். எனக்குச் சரியாத்தான் இருக்கு.

உன் பாடத்தை ரெண்டு தரம் படிச்சேன். அந்த முனைச் செல் யாருன்னு பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருக்கறவளை ‘நீ முந்தாதே, பின்னால வா’ன்னு அடக்கிட்டு, தான் மட்டும் விரலை நீட்டிட்டுப் போறது. நம்ம வீட்டுல அது நீதான். இத்தனை வருஷம் ஏதோ உன் குணம்னு நெனைச்சிட்டு இருந்தேன். புரதம்னு இப்பத்தான் தெரியுது.

முதல் தடவை சதை எடுத்தாச்சு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. என் பேரை ஓரமா வெச்சுட்டு நம்பர் கொடுத்திருக்காங்க. இப்ப நான் நாற்பத்தொண்ணு. நர்ஸ் வாசல்ல வந்து “நாற்பத்தொண்ணு யாரு?”ன்னு கூப்பிட்டா எழுந்து நிக்கிறேன்.

நடக்கிறேன். நோட்டுல எழுதறேன். கவலைப்படாதே.

உன் தங்கச்சி.


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். அனைவர் நலமும் விழைகிறேன்.

ஆய்வில் உனக்குத் தந்த எண்ணை இனி எனக்கோ வேறு எவருக்கோ எழுதாதே. காரணம் கேட்காதே. அது விதி.

நடையை நிறுத்தாதே.

அண்ணன்.


ஏப்ரல் 15

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? நான் நலம் என்றே எழுத வேண்டும். ஆனால் இரு வாரங்களாக எந்த வேலையும் கையில் நிற்கவில்லை. உன் கடைசி மடல் வந்து ஐம்பது நாள் கடந்துவிட்டது. காலையில் அஞ்சல்காரர் எங்கள் கட்டடத்தின் முன் மிதிவண்டியை நிறுத்தும் ஓசை கேட்டதும் நுண்ணோக்கியை விட்டு எழுந்துவிடுகிறேன். நேற்று ஒரே சதுரத்தை நான்கு முறை எண்ணினேன். நான்கு முறையும் வெவ்வேறு எண். பக்கத்து மேசைக்காரர், “கண்ணாடி மாத்துங்க சார்,” என்றார். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது.

தொலைபேசியில் அழைத்தால் மாப்பிள்ளை எடுத்து, நீ நடக்கப் போயிருக்கிறாய் என்கிறார். காலையில் அழைத்தாலும் அதே பதில், மாலையில் அழைத்தாலும் அதே பதில். நாளுக்கு முக்கால் மணி நேரம்தானே உனக்கு விதித்தது?

இரண்டு வரியாவது எழுது.

அண்ணன்.


ஏப்ரல் 30

அன்பு அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். வேலை ஜாஸ்தி, அதான் எழுதல. புகார் டெலிபோன் அடிச்சிட்டே இருக்கு. நேத்து ஒரு அம்மா, “தண்ணி வரலைன்னு சொல்லி நாலு நாளாச்சு, நீ நடந்து வந்து பாரேன்”னு கத்தினாங்க. சரிம்மான்னு வெச்சுட்டேன்.

ரெண்டாவது தடவையும் சதை எடுத்துட்டாங்க. நோட்டைப் பார்த்துட்டு டாக்டர், “ஒரு நாள்கூட விடலையே”ன்னு தட்டிக் கொடுத்தார்.

அண்ணா, உண்மையைச் சொல்லு. இதெல்லாம் வேலை செய்யுமா? நடந்தும் வளராதவங்க இருக்காங்களா? நடக்காமலே வளர்ந்தவங்க இருக்காங்களா?

உன் தங்கச்சி.


மே 21

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் மடலை மூன்று வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். விடை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பதைத் தீர்மானிக்க முடியவில்லை. இப்போதும் முழுமையாகத் தீர்மானித்துவிடவில்லை.

உன் இரு கேள்விகளுக்கும் பொது விடை: மனிதருக்கு மனிதர் மாறுபடும். உனக்கு மட்டும் ஒரு வரி: உன் காலில் பலன் தெரிகிறது என்று நம்புவதற்கு என்னிடம் காரணம் உண்டு. கணிசமான பலன். எப்படித் தெரியும் என்று கேட்காதே. இவ்வரியை மருத்துவரிடம் சொல்லாதே.

இப்போது செய்வதையே தொடர்ந்து செய்.

அண்ணன்.


மே 29

அன்பு அண்ணாவுக்கு,

நாங்க ரொம்ப ரொம்ப நல்லா இருக்கோம். உன் கடிதம் வந்த அன்னிக்குத்தான் பல நாளுக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன். எப்படித் தெரியும்னு கேட்கல. டாக்டர்கிட்டயும் மூச்சு விடல.

‘இப்போது செய்வதையே தொடர்ந்து செய்’னு எழுதியிருக்கே. அந்த வரியை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் எழுந்து வெளிய போயிட்டார். ஆம்பளைங்களுக்குச் சந்தோஷத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தங்கச்சி.


ஜூலை 7

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

நலமா இருப்பீங்கன்னு நம்புறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல. லிஃப்டுல ‘பழுது, படியில் செல்லவும்’னு அட்டை எழுதினதோட சரி. இது நான் எழுதினதுன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த வீட்டுல எனக்கும் அந்த அட்டைதான்.

அவ நடக்கல மச்சான். பிப்ரவரி கடைசியிலேயே நின்னுபோச்சு.

அன்னிக்கு அவ பழைய ஏரியாவுலதான் நடந்துட்டு இருந்தா. வலி வந்ததும் ஒரு சுவர் ஓரமா நின்னு நோட்டீஸ் பார்த்திருக்கா. எதிர் வீட்டுக்காரர், வருஷக்கணக்கா இவ மீட்டர் பார்த்த வீடு, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து நடுத்தெருவுல போட்டு, “உட்காரும்மா, பாவம், எல்லாருக்கும் வர்றதுதான்”னு சொல்லியிருக்கார். நல்ல மனசுலதான் சொன்னார். இவ உட்கார்ந்திருக்கா. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினவதான், அப்புறம் போடவே இல்ல. நீங்க அனுப்பின ஷூவோட அடியில ஒட்டின கடைச் சீட்டு இன்னும் முழுசாத் தேயக்கூட இல்ல.

நோட்டை மட்டும் தினமும் எழுதறா. ஒரு நாள் நீலப் பேனா, ஒரு நாள் கருப்புப் பேனா. ஆபீஸ்லேர்ந்து வந்தா சோஃபாதான். நீங்க போன் பண்ணினா நான்தான் பொய் சொன்னேன். என்னை மன்னிக்கணும்.

நான் திட்டியாவது நடக்க வெச்சிருப்பேன். ஆனா உங்க மே மாசக் கடிதம் வந்துச்சு. “பார், அண்ணனே சொல்லிட்டான். சும்மா இருந்தே வளருது. உடம்புக்குத் தெரியும்”னு என் வாயை அடைச்சுட்டா. அடிக்கோல் தப்பா அளக்காதுன்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்ப நூத்தைம்பது அடியில்ல, அறுபது அடியில நிக்கிறா. ஆகஸ்ட் எட்டாம் தேதி டாக்டரைப் பார்க்கணும்.

நான் மிஷின் ஆளு. வளருதுன்னு நீங்க சொல்றீங்க, அடி குறையுதுன்னு நான் பார்க்கிறேன். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மாப்பிள்ளை.


ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அவர்மீது கோபம் கொள்ளாதே. எனக்கு எழுதியவர் அவர்தான். இம்மடல் முழுவதையும் படித்த பின் கோபம் மிஞ்சினால் அதை என்மீது காட்டு.

உன் ஊர் மருத்துவமனை சதைத் துண்டுகளை அனுப்பும் வெளியூர் ஆய்வகம் என்னுடையதுதான். உன் முதல் மடலிலேயே அதை ஊகித்தேன், சொல்லவில்லை. பிப்ரவரியில் நீ எண்ணை எழுதினாய். மார்ச்சில் அந்த எண் ஒட்டிய கண்ணாடித் தட்டு என் மேசைக்கு வந்தது. எண்ணுபவன், மாதிரி யாருடையது என்று அறிந்தால், அன்றே அதை அறிவித்துத் தட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது எங்கள் கையேட்டின் பதினேழாம் விதி. அக்கையேட்டை எழுதியவன் நான். தட்டை ஒப்படைக்கவில்லை. உன் தசையை இன்னொருவர் கண்ணில் விட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் காலை எடுப்பதற்கு இருபத்திரண்டு வயதில் கையெழுத்திட்டபோது, மருத்துவர் நீட்டிய தாளை நான் படிக்கக்கூட இல்லை. உன் விஷயத்திலாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இதைக் காரணமாகச் சொல்கிறேன்; நியாயமாக அல்ல.

மே மாதம் இரண்டாம் மாதிரியை எண்ணினேன். முதல் மாதிரியில் ஒரு சதுரத்திற்கு எழுபது தந்துகிகள் இருந்தன, இப்போது எண்பத்தேழு. கால் பங்கு உயர்வு. அந்த மகிழ்ச்சியில் அவ்வரியை உனக்கு எழுதினேன்.

மாப்பிள்ளையின் மடல் வந்த அன்று அதே இரு சீவல்களையும் மீண்டும் எடுத்தேன். இம்முறை தந்துகிகளோடு நார்களையும் எண்ணினேன். முதல் சதுரத்தில் ஐம்பது நார்கள். இரண்டாம் சதுரத்தில் அறுபத்திரண்டு. நார்கள் புதிதாக வந்துவிடவில்லை. நடக்காததால் ஒவ்வொன்றும் மெலிந்து, அதே சதுரத்துக்குள் அதிக நார்கள் நெருங்கியிருக்கின்றன. ஒரு நாருக்கு எத்தனை தந்துகி என்று பார்த்தால், அன்றும் ஒன்று புள்ளி நான்கு; இன்றும் ஒன்று புள்ளி நான்கு. உன் வேலையைக் கொண்டே சொல்கிறேன். நீ மீட்டர் பார்க்கும் தெருவில் புதிதாக ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. வீடுகள் சுருங்கிவிட்டன. அதனால் ஒரு ஏக்கருக்கு இத்தனை குழாய் என்ற கணக்கு மட்டும் ஏறிவிட்டது. அந்தக் கணக்கை நான் வளர்ச்சி என்று வாசித்தேன்.

எங்கள் படிவத்தில் பரப்புக்கு எத்தனை என்னும் கட்டம் மட்டுமே உண்டு. நாருக்கு எத்தனை என்னும் கட்டத்தைத் தேவையற்றது என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீக்கியவனும் நானே. மெலிந்த தசையைக் கண்டதும் சந்தேகிக்க வேண்டியது என் தொழில். வேறு எவருடைய சீவலாக இருந்தாலும் சந்தேகித்திருப்பேன். உன்னுடையது என்பதால் விரும்பியதைக் கண்டேன்.

ஆகவே, தங்கையே, என் மே மாத மடலில் இருந்த அந்த வரி தவறானது. உன் காலில் எதுவும் வளரவில்லை. நீ நடக்காமல் இருந்ததற்கு நான் சான்றிதழ் தந்தேன். இழந்த அடிகளில் பெரும்பங்கு என் கணக்கில் இருக்கட்டும்.

கெட்டுப்போனது தசையின் பருமன், குழாய்கள் குறையவில்லை. நாருக்கு ஒன்று புள்ளி நான்கு என்பது தொடங்கிய இடம்தான். அதற்குக் கீழே போகவில்லை. இன்றும் தொடங்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உன் மருத்துவர், நான் அல்ல. ஆகஸ்ட் எட்டு வரை காத்திருக்காதே. இந்த வாரமே அவரிடம் செல். குறிப்பேட்டை எடுத்துச் சென்று, எந்தத் தேதி முதல் நடக்கவில்லை என்பதைச் சொல். அறுபது அடியில் நிற்பதைச் சொல். அவர் அறுவை என்றால் அது மெய்யான தகவலின்மேல் எடுத்த முடிவாக இருக்கட்டும். நடக்கலாம் என்றால், அந்தத் தெருவில் வேண்டாம். உன்னை எவருக்கும் தெரியாத தெருவில் நட. அந்த மனிதர் நாற்காலி போட்டதும் நீ ஏன் வீடு திரும்பினாய் என்பது எனக்குப் புரிகிறது. நானும் அதையே செய்திருப்பேன். சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் உன் மடல்களில் வேலை ஜாஸ்தியானது.

நான் செய்ய இருப்பதையும் எழுதிவிடுகிறேன். பதினேழாம் விதியை மீறியதையும், படிவத்தின் குறையையும் இயக்குநருக்கு எழுதி முடித்துவிட்டேன். அம்மடல் இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது. உன் எண் ஆய்விலிருந்து நீக்கப்படலாம். இந்த ஆய்வில் என் கைபட்ட எல்லாத் தட்டுகளையும் வேறொருவர் மறுபடி எண்ண வேண்டி வரும். நுண்ணோக்கி மேசை இனி எனக்கு இருக்காது. கண்ணாடித் தட்டு கழுவும் பிரிவுக்கு அனுப்பினாலும் மறுக்க மாட்டேன். விடுப்பு தருவார்கள் என்றே எண்ணுகிறேன். தராவிட்டாலும் சனிக்கிழமை இரயிலில் உன் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவைப் பற்றிப் பேச வேண்டியதையும் அப்போது பேசுவோம்.

இப்போது மணி எட்டரை. இயக்குநர் ஒன்பதுக்கு வருவார். என்னை எனக்குத் தெரியும். அவர் அறை வாசலில் நின்று, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று திரும்பிவிடக்கூடியவன். ஆகவே முதலில் தெருமுனைக்குச் சென்று இதை அஞ்சல் பெட்டியில் போடுகிறேன். அதன் பிறகு மாடி ஏறுகிறேன்.

அண்ணன்.